அஞ்சல்தலையில் ஒரு திரைமுகம்

உதகமண்டலம் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது படப்பிடிப்புதான். ஏரிக்கரையும் தேயிலைச் சரிவுகளும் கேத்தி தொடர்வண்டி நிலையமும் எத்தனையோ படங்களில் இடம்பெற்றுள்ளன. ஆயின், படம் பதிவாகும் சுருளே அந்நகரில் உருவாயிற்று என்பதை அறிந்தோர் சிலரே. நடுவண் அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1960-இல் நிறுவப்பெற்று, 1967 முதல் 'இந்து' என்னும் வணிகப்பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களை உருவாக்கியது. ஆலையை ஒட்டிய பகுதி இன்றும் இந்து நகர் என்றே வழங்குகிறது.

வெள்ளி உப்புகளை ஜெலட்டினில் கலந்து, மெல்லிய தாளின்மேல் இருளில் பூசுவதே சுருள் செய்யும் முறை. அப்பூச்சில் படியும் ஒரு தூசியும் திரையில் பெரும்புள்ளியாகத் தெரியும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் வீசும் குளிர்ந்த தூய காற்று அத்தொழிலுக்குத் துணைநின்றது. எண்மத் தொழில்நுட்பம் வந்தபின் சுருளுக்குத் தேவை குறைந்தது, ஆலையும் மூடப்பட்டது.

சுருளுக்கு ஆயுளும் குறைவு. வெப்பமும் ஈரமும் பட்டால் அதன் அடித்தாள் சிதைந்து, காடியின் நெடி வீசத் தொடங்கும். பழைய நைட்ரேட் சுருள்களோ எளிதில் தீப்பற்றுபவை. தமிழ் பேசிய முதற்படம் எனப்படும் 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. அதன் படி இன்று கிடைக்கவில்லை. நடிகர் ஒருவரின் கலை முழுவதும் இத்தகைய நொய்ந்த பொருளில்தான் தங்கியிருந்தது.

இந்நிலையில், 2011 பிப்ரவரி 13 அன்று இந்திய அஞ்சல்துறை ஆறு திரைநாயகியரின் உருவம் தாங்கிய அஞ்சல்தலைகளை வெளியிட்டது. தேவிகா ராணி, கானன் தேவி, மீனா குமாரி, நூதன், லீலா நாயுடு ஆகியோருடன் ஆறாமவராகத் தென்னகத்தின் சாவித்திரி இடம்பெற்றார். ஒவ்வொன்றின் விலையும் 5 ரூபாய். வாழ்வோரின் உருவத்தை நினைவு அஞ்சல்தலையில் பொறிப்பது அரிது; மறைந்து ஆண்டுகள் சென்றபின்னரே பெரும்பாலும் அப்பெருமை வாய்க்கும். சாவித்திரி 1981 டிசம்பர் 26 அன்று மறைந்தவர்.

அவர் ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில் பிறந்தவர். தெலுங்கிலும் தமிழிலும் ஒருசேரப் புகழ்பெற்றவர். 1955-இல் வெளியான 'மிஸ்ஸியம்மா'வில் நாயகியாக முதலில் அமர்த்தப்பட்டவர் பானுமதி. அவர் விலகவே, இரண்டாம் வேடத்துக்கு வந்திருந்த சாவித்திரிக்கு அவ்விடம் கிட்டியது. பின்னாளில், இந்தியத் திரைப்பட நூற்றாண்டையொட்டி 2013-இல் வெளியான அஞ்சல்தலைத் தொகுதியில் பானுமதியும் இடம்பெற்றார். ஒரு படத்தில் இடம் மாறிய இருவரும் அஞ்சல்தலையில் தத்தம் இடத்தைப் பெற்றுவிட்டனர்!

அவருடைய ஆற்றலை அறிய 'மாயாபஜார்' (1957) ஒன்றே போதும். அதில் அவர் வத்சலா என்னும் இளவரசி. கடோற்கசன் மாயத்தால் அவ்விளவரசியின் வடிவெடுத்து மணவீட்டினுள் புகுகிறான். வடிவம் பெண்ணுடையது, உள்ளிருப்பவனோ அரக்கன். நாணத்தோடு நடந்துவரும் பெண் யாரும் காணாத நொடியில் தோள் நிமிர்த்துகிறாள், கண்ணை உருட்டுகிறாள், மீண்டும் ஆள் வந்ததும் தலைகுனிகிறாள். ஒப்பனையில் மாற்றமில்லை, உடையிலும் மாற்றமில்லை. நடையும் பார்வையும் மட்டுமே இரு பிறவிகளைப் பிரித்துக் காட்டுகின்றன. நகைச்சுவை நடிப்பு அழுகையைவிடக் கடினமானது என்று கருதுவோருக்கு இக்காட்சி நல்ல சான்று.

'களத்தூர் கண்ணம்மா', 'பாசமலர்', 'கற்பகம்', 'நவராத்திரி' எனத் தொடர்ந்த படங்களால் அவர் 'நடிகையர் திலகம்' ஆனார். நடிப்போடு நில்லாமல் 1968-இல் 'சின்னாரி பாப்பலு' என்னும் தெலுங்குப் படத்தையும் இயக்கினார். பெண் இயக்குநர் அரிதாக இருந்த காலம் அது. பிற்கால வாழ்வில் பொருளிழப்பும் நோயும் அவரை வாட்டின. அத்துயரையே பெரிதாகப் பேசுவோர் அவர் கலையைக் குறைத்துப் பேசுகின்றனர் என்றே தோன்றுகிறது.

அஞ்சல்தலையின் பரப்போ மிகச் சிறிது. அதில் அசைவில்லை, குரலில்லை. நம் நாட்டு அஞ்சல்தலைகளில் பெயர்கள் பெரும்பாலும் இந்தியிலும் ஆங்கிலத்திலுமே அச்சாகின்றன. அக்கலைஞர் பேசி நடித்த மொழியின் எழுத்துக்கு அங்கே இடம் அரிது. எனினும், திரையரங்கைக் காணாத கைகளுக்கும் அம்முகம் சென்று சேர்கிறது. குன்னூரில் அஞ்சல்பெட்டியில் இட்ட உறை, மலைப்பாதை வழியே மேட்டுப்பாளையம் இறங்கி, எங்கோ ஒரு வீட்டின் வாயிலை அடைகிறது. சேகரிப்பாளர் ஒருவர் உறையின் மூலையை நீரில் ஊறவைத்து, அத்தலையைக் கிழியாமல் பிரித்து ஏட்டில் வைக்கிறார்.

சுருளும் இன்று வேறு வடிவில் உயிர்க்கிறது. சாவித்திரி பானுமதியாகத் தோன்றிய 'கர்ணன்' (1964), எண்ம முறையில் புதுப்பிக்கப்பெற்று 2012-இல் மீண்டும் திரைக்கு வந்தது. பல இளைஞர், அரங்கில்தான் அவரை முதன்முதலாகக் கண்டனர்.