குழந்தைக்கு முயல் வாங்கலாமா?

பரீட்சையிற் சித்தியடைந்தால் சைக்கிள், பிறந்த நாளுக்குப் பொம்மை என்று பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் வாக்குறுதிகளின் வரிசையிலே முயலும் இடம்பிடித்திருக்கிறது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை எழுதிவிட்டு வந்த கையோடு, "அப்பா, சொன்ன முயல் எங்கே?" என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. கடையின் கூட்டுக்குள்ளே வெள்ளைப் பஞ்சுப் பொதிபோற் குந்தியிருக்கும் குட்டியைக் கண்டால் பெரியவர்களின் மனமே இளகிவிடும்போது, பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. நாய் குரைக்கும், பூனை மீன்சட்டியை உருட்டும், முயலோ வாயில்லாச் சீவன், ஆகையால் சிறு பிள்ளைக்கு மிகவும் ஏற்ற பிராணி அதுவே என்பது பலருடைய அபிப்பிராயம். அதைத்தான் இங்கே சற்று ஆராய வேண்டியிருக்கிறது.

முயல் பிற மிருகங்களுக்கு இரையாகப் பிறந்த பிராணி. நரியும் கீரியும் பருந்தும் அதனைத் துரத்தி வந்த காலம் எண்ணிறந்தது. மேலிருந்து ஒரு கை இறங்கி வயிற்றைப் பற்றித் தூக்கும்போது, பருந்தின் பிடியில் அகப்பட்டதாகவே அது நடுங்குகிறது. குழந்தைக்கோ அன்பு செலுத்தத் தெரிந்த வழி வாரியெடுத்து அணைத்துக்கொள்வதுதான். சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. முயலின் எலும்புகள் அதன் உடம்புக்கு மிகவும் இலேசானவை. பின்னங்கால்களின் தசைகளோ வலிமை மிக்கவை. தளர்ந்த பிடியிலிருந்து உதறிப் பாயும்போது தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளவும் கூடும். காதைப் பிடித்துத் தூக்குவது முயலைப் பிடிக்கும் முறையென்று இன்றும் பலர் எண்ணுகிறார்கள். அது கொடுமை. காது, கைபிடியன்று, மெல்லிய இரத்தக் குழாய்கள் நிறைந்த உறுப்பு.

முயலின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் பின்னால் வருவதையும் அது காணும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னே உள்ளது அதற்குத் தெரியாது. முகத்துக்கு நேரே விரலை நீட்டும் பிள்ளை சில வேளை கடி வாங்குவதன் காரணம் இதுவே. நெற்றியையும் கன்னத்தையும் பக்கவாட்டிலிருந்து மெல்லத் தடவினால், பற்களை இலேசாக அரைத்து இன்பத்தைத் தெரிவிக்கும். மகிழ்ச்சி மிகுந்தால் ஆகாயத்திலே துள்ளி உடம்பை முறுக்கும்; அச்சம் வந்தால் பின்னங்காலால் நிலத்தைத் தட்டும். பாயை விரித்துத் தரையிலே படுத்துக்கொண்டு, முயல் தானாக வந்து முகர்ந்து பார்க்கும்வரை காத்திருக்கக்கூடிய பிள்ளை, அதனுடைய சிநேகத்தைப் பெறும். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் இந்தப் பொறுமையை எதிர்பார்ப்பது அரிது என்பது என் கருத்து.

காலக்கணக்கையும் பார்க்கவேண்டும். நன்றாகப் பேணப்பட்ட முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள்வரை வாழும். பத்து வயதில் முயல் பெற்ற பிள்ளை சாதாரணதரப் பரீட்சை எழுதி, உயர்தரமும் எழுதி, பல்கலைக்கழகத்துக்குப் பெட்டி கட்டும்போதும் அந்த முயல் கூட்டிலே இருக்கலாம். மாலையில் ரியூசன், இரவில் வீட்டுவேலை என்று பிள்ளையின் நாள் நிறைந்துவிட்ட பின்பு புல் வெட்டுவது யார்? பெரும்பாலும் அம்மா அல்லது அம்மம்மா. அவர்களைக் கேளாமல் முயல் வாங்குவது நியாயமன்று.

இனி ஆகாரம். படக்கதைகள் முயலின் கையிலே கரட்டைக் கொடுத்து நம்மை ஏமாற்றிவிட்டன. கரட்டில் இனிப்பு அதிகம். எப்போதாவது ஒரு சிறு துண்டு போதும். முயலின் பற்கள் ஆயுள்முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நார் மிகுந்த புல்லை மணிக்கணக்காக அரைத்து அரைத்துத்தான் அவை தேயும். குடலும் அந்த நாரினால்தான் இயங்கும். ஆகவே உணவின் மிகப் பெரும்பகுதி புல்லாகவோ காய்ந்த புல்லாகவோ இருக்கவேண்டும். அறுகும் கினிப்புல்லும் நம் நாட்டிலே தாராளமாகக் கிடைக்கின்றன. கொத்தமல்லி இலை, முள்ளங்கி இலை முதலியவற்றையும் சிறிதளவு கொடுக்கலாம். வாகனப் புகை படிந்த தெருவோரப் புல்லும், கிருமிநாசினி தெளித்த தோட்டத்துப் புல்லும் ஆகா. மீந்த சோறு, பாண், பிஸ்கற் ஆகியவற்றை அன்பின் மிகுதியால் ஊட்டுவோர், அதன் வயிற்றைக் கெடுக்கிறார்கள்.

தன் எச்சத்தில் மிருதுவான ஒருவகையை முயல் தானே தின்னும். இதைக் கண்டு அருவருத்து அதனை அடிக்க வேண்டாம். ஒருமுறை சென்ற உணவிலுள்ள சத்தை இரண்டாம் முறை பெற்றுக்கொள்வதற்கு இயற்கை வகுத்த வழி அது. பசு அசைபோடுவதை ஒத்தது.

முயலால் வாந்தியெடுக்க முடியாது. நோயுற்றாலும் அது முனகுவதில்லை. நோயைக் காட்டிக்கொண்ட இரை முதலில் பிடிபடும் என்பதால், மறைப்பதே அதன் சுபாவம். ஒரு மூலையிற் குந்தியிருந்து, அரை நாளளவு எதுவும் தின்னாமலும் எச்சமிடாமலும் இருந்தால் அது அவசர நிலைமை; மிருக வைத்தியரிடம் உடனே கொண்டுசெல்ல வேண்டும். வீட்டிலே பிள்ளைக்கு வாங்கிய அமொக்சிசிலின் மருந்தில் மிச்சத்தைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த இனத்து மருந்து வாய்வழியாகச் சென்றால் முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, உயிருக்கே ஆபத்தாக முடியும். முயலைப் பார்த்துப் பழகிய வைத்தியர் ஒருவர் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்று வாங்குவதற்கு முன்பே விசாரித்து வைப்பது புத்தி.

நம் நாட்டின் உஷ்ணம் மற்றொரு பெருந்தடை. வீட்டு முயலின் ஆதிப் பிறப்பிடம் ஸ்பெயின் தேசமும் அதன் அயலும். நிலத்தின் கீழே வளை தோண்டிக் குளிர்ச்சியிலே உறங்கும் இனம் அது. நம்மைப்போல அதற்கு வியர்ப்பதில்லை. உடம்பின் சூட்டைக் காதுகளின் வழியாகவே பெரிதும் வெளியேற்றுகிறது. நுவரெலியாவிலே முயலுக்கு இன்பமான காலநிலை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சித்திரை வைகாசி வெயிலில் 30 பாகை செல்சியசைத் தாண்டும்போது அது வாயைத் திறந்து மூச்சிரைக்கும். தகரக் கூரையிட்ட கூடு அதற்கு அடுப்பு. கிடுகு வேய்ந்து, மர நிழலில், காற்றோட்டமாக, நாயும் கீரியும் பாம்பும் நுழையாதபடி சிறுகண் வலையடித்து அமைத்த கூடே வேண்டும். உறையவைத்த தண்ணீர்ப் போத்தலைத் துணியிற் சுற்றி வைத்தால், அதிலே சாய்ந்து படுத்துக்கொள்ளும். வெறும் கம்பித் தளம் பாதங்களைப் புண்ணாக்கும் என்பதால் பலகையும் வைக்கோலும் இடவேண்டும். தொடர்மாடி வீட்டினர் மின்வயர்களையும் கவனிக்கவேண்டும். கடிக்காத முயல் இல்லை.

தனிமை முயலுக்கு ஒவ்வாது. சோடியாக வாங்கினாலோ வேறு தொல்லை. குட்டியிலே ஆண் பெண் பிரித்தறிவது கடினம். "இரண்டும் பெண்" என்று கடைக்காரர் கொடுத்தவை நாலைந்து மாதங்களிலே குடும்பமாகிவிடும். கர்ப்பகாலம் ஏறக்குறைய 31 நாட்களே. ஈன்ற மறுதினமே தாய் மீண்டும் கருத்தரிக்கவும் கூடும். அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1859ஆம் ஆண்டு ஒரு நிலச்சுவாந்தர் வேட்டைக்கென அவிழ்த்துவிட்ட சில முயல்கள், பின்னர் அந்தக் கண்டத்தையே மேய்ந்துவிட்ட வரலாற்றை மாணவர்கள் அறிந்திருப்பார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விப்பதே நிரந்தரப் பரிகாரம். அதற்குப் பணமும் வேண்டும், பழகிய வைத்தியரும் வேண்டும்.

செலவைக் குறைக்கக் கருதிக் காட்டிலே பிடித்த முயற்குட்டியைக் கொண்டுவருவோரும் உண்டு. தமிழில் இரண்டையும் முயலென்றே அழைப்பதால் வந்த மயக்கம் இது. ஆங்கிலேயர் இரண்டுக்கும் இரு பெயர் வைத்திருக்கிறார்கள். சந்திரனிலே நம் முன்னோர் கண்டது நம் காட்டு முயலைத்தான். அது வளை தோண்டாது. அதன் குட்டி கண் திறந்து மயிரோடு பிறக்கும். கூட்டிலே அடைத்தால் அஞ்சியே மடியும். பற்றைக்குள்ளே தனியாகக் கிடக்கும் குட்டி அநாதையென்று எண்ணவேண்டாம். தாய் பகலில் விலகியிருந்து, இருட்டியபின் வந்து பாலூட்டும்.

இவ்வளவையும் கேட்டபின்பும், தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று பிள்ளை பிடிவாதம் செய்தால், மறுத்துவிட வேண்டியதில்லை. ஒரு மாதம் தவணை சொல்லுங்கள். தினமும் பாடசாலைக்குப் புறப்படுமுன் ஒரு கட்டுப் புல் வெட்டிவந்து கழுவி, கூடு வைக்கவிருக்கும் இடத்திலே வைக்கட்டும். மாலையில் அந்த இடத்தைக் கூட்டட்டும். மாதம் முடியும்போது எத்தனை நாள் தவறியது என்பது வீட்டாருக்கே தெரிந்துவிடும். பத்து வயதைத் தாண்டிய பிள்ளையும், முயல் தம்முடையதே என்று ஏற்றுக்கொள்ளும் பெரியவர் ஒருவரும், நிழலான இடமும் இருக்கும் வீட்டுக்கு முயல் தாராளமாக வரலாம். ஒன்று குறைந்தாலும், முற்றத்திலே இரண்டு கோழியோ கண்ணாடித் தொட்டியிலே நாலு கப்பி மீனோ வளர்ப்பது பிள்ளைக்கும் சந்தோஷம், வீட்டுக்கும் இலேசு.

வாங்குவதென்று தீர்மானித்தவர்கள், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை வாங்கக் கூடாது. மூக்கிலே நீர் வடியாமல், கண் தெளிவாக, பின்புறம் அழுக்கின்றி, முன்பற்கள் நேராகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கடையிலே அது தின்று பழகிய தீனியில் கொஞ்சம் கேட்டு வாங்கி, ஒரு வாரத்துக்குச் சிறிது சிறிதாக மாற்றுங்கள். காலை வெயில் ஏறுமுன், துளையிட்ட பெட்டியிலே புல் பரப்பிக் கொண்டுவந்து, முதல் இரண்டு நாளும் அயல் வீட்டுப் பிள்ளைகளை அழைத்துக் காட்டாமல் விட்டுவிடுங்கள்.