“தம்பி, உன் ஏடிஎம் கார்டை ஒரு வாரம் கொடு”

தீய நட்பு என்றதும் நம் நினைவுக்கு வருவது கைகலப்பு, குண்டர் கும்பல், போதைப்பொருள். பெற்றோரும் ஆசிரியர்களும் இவற்றைச் சொல்லித்தான் எச்சரிக்கிறார்கள். ஆனால், இன்று அம்பாங்கிலோ கிள்ளானிலோ எஸ்பிஎம் முடித்துவிட்டு வேலை தேடும் ஒரு மாணவனிடம் வரும் ஆபத்துக்கு முரட்டு முகம் இல்லை. மாமாக் கடையில் நான்கு முறை தே தாரேக் வாங்கிக் கொடுத்த, மோட்டாருக்கு எண்ணெய் ஊற்றிய, தெரிந்த அண்ணனாகவே அது வருகிறது. “என் அக்கவுண்டில் ஒரு சிக்கல் தம்பி. உன் கார்டை ஒரு வாரம் கொடு, 300 வெள்ளி தர்றேன்.”

மலாயில் இதற்கு ‘ஆக்காவுன் கெல்டாய்’ என்று பெயர், கழுதைக் கணக்கு. பொதி யாருடையது என்று கழுதைக்குத் தெரியாது.

தொலைபேசி மோசடியிலும் போலி முதலீட்டுத் திட்டத்திலும் ஏமாந்தவர்களின் பணம் முதலில் இத்தகைய கணக்கில்தான் விழுகிறது. அங்கிருந்து பிரிக்கப்பட்டு வேறு கணக்குகளுக்குப் போய், ரொக்கமாக வெளியேறிவிடும். பணம் இழந்தவர் தேசிய மோசடி தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழைத்தால், பணம் போன தடத்தை வங்கியும் போலீசும் பின்தொடர்வார்கள். அந்தத் தடத்தில் இருப்பது மாணவனின் பெயரும் அடையாள அட்டை எண்ணும்தான். கார்டை வாங்கிய அண்ணனின் பெயர் எங்குமே இருக்காது.

மாணவர்களை ஏன் தேடுகிறார்கள்? சந்தேகத்திற்குரிய கணக்கு எண்களைப் போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் யாரும் சரிபார்க்கலாம். அதனால் புகாரே இல்லாத சுத்தமான கணக்கு அவர்களுக்குத் தேவை. நேற்றுத் திறந்த மாணவர் கணக்கைவிடச் சுத்தமானது எது?

“எனக்கு எதுவும் தெரியாது” என்ற பதிலை நம்பியிருக்க முடியாது. 2024-இல் குற்றவியல் சட்டத்தில் 424ஏ முதலான புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. சட்டப்படியான காரணமில்லாமல் தன் கணக்கைப் பிறர் கையில் கொடுப்பதே இப்போது குற்றம். சிறைத் தண்டனையும் உண்டு. கணக்கு முடக்கப்பட்டால் பிடிபிடிஎன் கடன், பகுதிநேரச் சம்பளம் எல்லாமே சிக்கலாகும்.

இவ்வளவு தெரிந்தும் மறுப்பது ஏன் கடினமாக இருக்கிறது? நாக்கு நுனியில் நிற்பது அந்த நான்கு தே தாரேக். நன்றிக்கடன் என்ற நல்ல குணத்தையே அவர்கள் பிடித்து இழுக்கிறார்கள். ஆகவே, கேட்கும் நேரத்தில் யோசிக்கக் கூடாது. முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். பதில் சின்னதாக இருக்கட்டும்: “கார்டை யாருக்கும் கொடுக்கிறதில்லை, அண்ணே.” அதோடு நிறுத்துங்கள். அம்மா திட்டுவார், கார்டு தொலைந்துவிட்டது என்று காரணம் சொன்னால், ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு மாற்று வழி இருக்கும். “என் மேல நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டாலும் அதே வாக்கியம்தான். உண்மையான நண்பர் அத்தோடு பேச்சை மாற்றிவிடுவார். விடாமல் நச்சரிப்பவரோடு தனியாக உட்காருவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.

வீட்டில் பணம் இல்லாதபோது 300 வெள்ளி சின்னத் தொகை அல்ல, அதை மறுப்பதற்கில்லை. டெலிகிராமில் வரும் ‘எளிய வேலை’ விளம்பரங்களும் இந்தத் தேவையைக் குறிவைத்தே எழுதப்படுகின்றன. ஒன்றை மட்டும் பாருங்கள்: நேர்மையான முதலாளி உங்கள் கணக்கு எண்ணைக் கேட்பார், சம்பளம் போட. கார்டையும் பின் எண்ணையும் கேட்க மாட்டார். உங்கள் அடையாள அட்டையில் சிம் கார்டு பதிவு செய்து தரச் சொல்வதும் இதே வகைதான். கல்லூரியில் பணமுடை என்றால் மாணவர் விவகாரப் பிரிவையும், பள்ளியில் ஆலோசக ஆசிரியரையும் முதலில் அணுகலாம்.

ஏற்கெனவே கார்டைக் கொடுத்துவிட்டவர்கள், அதைத் திருப்பிக் கேட்டு அலைய வேண்டாம். இன்றே வங்கியை அழைத்துக் கார்டை முடக்குங்கள், இணைய வங்கிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், பெற்றோரையோ மூத்தவர் ஒருவரையோ அழைத்துக்கொண்டு போலீசில் புகார் செய்யுங்கள். கணக்கில் தெரியாத பணம் கிடந்தால் அதைத் தொட வேண்டாம். ‘தவறி வந்துவிட்டது, இந்த எண்ணுக்கு அனுப்பு’ என்று யார் சொன்னாலும் அனுப்ப வேண்டாம். அதை வங்கியிடமே சொல்லுங்கள்.