வண்டிக்குள் நடக்கிற வைத்தியம்

ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும். அம்மாவுக்குப் பேச்சு குழறியது. வலது கை பிடிமானம் இல்லாமல் தொங்கியது. நெற்றியெல்லாம் வேர்வை. 'பக்கவாதம்தான், சந்தேகமே இல்லை' என்று பக்கத்து வீட்டுப் பெரியப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். சித்தி டம்ளரில் காபியை ஆற்றி எடுத்துவந்து அம்மாவின் வாயைத் திறந்து ஊற்றப் போன சமயத்தில் 108 ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

இறங்கி வந்த மருத்துவ உதவியாளருக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். 'அக்கா, வாயில எதுவும் ஊத்திடாதீங்க' என்றார் சித்தியிடம். அடுத்து என்னைப் பார்த்து, 'அண்ணே, அம்மா கடைசியா நல்லா இருந்ததை எத்தனை மணிக்குப் பாத்தீங்க?' என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் அம்மாவின் விரல் நுனியைத் துடைத்து, குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் குளுக்கோமீட்டர் பட்டையில் தொட்டெடுத்தார். சுகர் 38.

கால் சென்டரில் இருக்கும் டாக்டரிடம் போனில் இரண்டே வரி. பிறகு கையில் நரம்பு தேடி ஊசி ஏற்றி, டெக்ஸ்ட்ரோஸை மெதுவாக விட்டார். பத்து நிமிஷம் ஆகியிருக்காது. 'எதுக்குடா வீட்டுல இத்தனை பேர் நிக்கிறீங்க?' என்றார் அம்மா.

சுகர் தாழ்ந்தால் மூளை பட்டினி கிடக்கும். பேச்சு குழறும், கை விழும், சிலர் குடித்தவர் மாதிரி உளறுவார்கள். பக்கவாதத்துக்கும் இதுக்கும் வெளித்தோற்றத்தில் பல சமயம் வித்தியாசமே தெரியாது. அதனால்தான் 'நினைவு தப்பினால் முதலில் விரலைக் குத்திப் பார்' என்று பயிற்சியில் தலையில் அடித்துச் சொல்லித் தருகிறார்கள். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் காபியோ சர்க்கரைத் தண்ணீரோ ஊற்றினால் அது வயிற்றுக்குப் போகும் என்று நிச்சயமில்லை, நுரையீரலுக்கும் போகலாம். கடைசியாக நல்லா இருந்த நேரத்தைக் கேட்டதற்கும் காரணம் உண்டு. ஒருவேளை நிஜமாகவே பக்கவாதமாக இருந்தால், ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அந்த நாலரை மணி நேரத்தை நாம் கண்டுபிடித்த நேரத்திலிருந்து கணக்கிட மாட்டார்கள். ஆள் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கணக்கு.

நோயாளியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பறக்கிற வண்டி என்றுதான் 108-ஐப் பற்றி அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு வைத்தியம் எங்கள் திண்ணையிலேயே பாதி முடிந்துவிட்டது.

ஹைதராபாத்தில் 2005-ல் தொடங்கிய இந்தச் சேவை தமிழ்நாட்டுக்கு வந்தது 2008 செப்டம்பரில். இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. வண்டிக்கு இரண்டு பேர். ஓட்டுநரை 'பைலட்' என்பார்கள். பின்னால் நோயாளியோடு இருப்பவர் மருத்துவ உதவியாளர், அவர்கள் பேச்சில் 'ஈஎம்டி'. இந்த வேலைக்கான அறிவிப்புகளைப் பார்த்தால் பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., டி.எம்.எல்.டி. படித்தவர்களோடு விலங்கியல், தாவரவியல், மைக்ரோபயாலஜி பட்டதாரிகளும் வரலாம் என்று இருக்கும். தேர்வானவர்களுக்கு 50 நாள் பயிற்சி: வகுப்பறையில் கொஞ்சம், மருத்துவமனையில் கொஞ்சம், ஓடுகிற வண்டியில் கொஞ்சம். பைலட்டுக்கு 10 நாள். அதன்பிறகு பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், பகலும் இரவும் மாறி மாறி. கல்லூரியில் இலை நரம்பு பார்த்த கண், சில மாதங்களில் குலுங்குகிற வண்டியில் கை நரம்பு தேடுகிறது.

50 நாளில் என்ன கற்றுத்தர முடியும்? வியாதிகளின் பெயரை எல்லாம் முடியாது. பார்க்கும் வரிசையைக் கற்றுத்தரலாம். இறங்கியதும் நோயாளியைப் பார்க்காதே, இடத்தைப் பார் என்பது முதல் பாடம். அறுந்த மின்கம்பி கிடக்கிறதா, பின்னால் லாரி வருகிறதா, பெட்ரோல் ஒழுகுகிறதா? காப்பாற்றப் போனவரே இரண்டாவது நோயாளி ஆகிவிடக் கூடாது. அதன்பிறகு பீறிடும் ரத்தம், மூச்சுப்பாதை, மூச்சு, நாடித்துடிப்பு, நினைவு என்று ஒவ்வொன்றாக. மூச்சுப்பாதை அடைத்துக் கிடக்கும்போது உடைந்த காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தால், கட்டு அழகாக இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

விபத்து நடந்த இடத்தில் கூட்டம் எப்போதும் கத்துகிறவரிடம்தான் இழுத்துக்கொண்டு போகும். 'சார், இவரைப் பாருங்க, வலியில துடிக்கிறாரு!' கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது, நினைவும் இருக்கிறது. ஈஎம்டி ஓரமாகச் சத்தமில்லாமல் சாய்ந்து கிடப்பவரிடம்தான் முதலில் போக வேண்டும். இது ஊர்க்காரர்களுக்குப் புரியாது. திட்டுவார்கள், சில இடங்களில் கை ஓங்குவார்கள். தொடை எலும்பு உடைந்தால் தோலில் ஒரு கீறல்கூட இல்லாமல் தொடைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் இறங்கிவிடும். வெளியே சொட்டு ரத்தம் இல்லை என்று கூட்டம் ஆறுதல்படும் நேரத்தில், சில்லிட்டுப் போன உள்ளங்கையையும் ஓடுகிற நாடியையும் பிடித்துப் பார்த்து அவர் அவசரப்படுவார்.

நெஞ்சழுத்தம், அதாவது சி.பி.ஆர்., பழக்குவது தரையில் கிடக்கும் பொம்மையின் மேல். நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம், முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. சொல்லும்போது லேசாகத் தெரியும். இரண்டு நிமிஷம் முழுதாக அழுத்தினால் தோள் கழன்றுவிடும். அதனால்தான் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றச் சொல்கிறார்கள். பைலட் ஸ்டியரிங்கில் இருக்கும்போது ஓடுகிற வண்டியில் யார் மாற்றுவது என்ற கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் நல்ல பதில் கிடையாது.

நம் ஊர் ஈஎம்டிக்கு இதெல்லாம் மட்டும் போதாது. பாம்பு தெரிந்திருக்க வேண்டும். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குதான் இங்கே பெரும்பாலான விஷக்கடிச் சாவுகளுக்குக் காரணம். கண்ணாடி விரியன் கடித்தால் கடிவாய் வீங்கும், வலி உயிர் போகும், ரத்தம் உறையாமல் ஈறிலும் சிறுநீரிலும் வரும். கட்டு விரியன் அப்படியில்லை. ராத்திரி தரையில் பாய் விரித்துப் படுத்தவரைக் கடித்துவிட்டுப் போய்விடும். வலியும் இருக்காது, பல் தடமும் சரியாகத் தெரியாது. விடிகாலையில் 'வயிறு வலிக்குது, கண்ணைத் திறக்க முடியலை' என்பார். இமை தொங்குவதைப் பார்த்துத்தான் சந்தேகப்பட வேண்டும். அடுத்தது மூச்சுத் தசைகள் அயர்ந்துபோவது. அந்தக் கட்டத்தில், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஆம்பு பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டே வருகிற ஒரு ஜோடிக் கைதான் மருந்து.

வாயால் உறிஞ்சுவது, பிளேடால் கீறுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது மூன்றும் தப்பு. காலை அசையாமல் சட்டம் வைத்துக் கட்டலாம். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிட வேண்டும், வீங்கியபின் கழறாது. வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதுவார்கள். ஊர்க்காரர்கள் ஏற்கெனவே இறுகக் கட்டிவிட்டிருந்தால்? பயிற்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் 'அவிழ்த்துவிடுவோம்' என்றுதான் பதில் சொல்வார்கள். வழியில் சட்டென்று அவிழ்த்தால் தேங்கி நின்ற விஷம் மொத்தமாக உடம்பில் ஏறும். டாக்டர் பக்கத்தில் இருக்க, விஷமுறிவு மருந்து தயாராக இருக்கத்தான் தளர்த்த வேண்டும். அந்த மருந்துக்கான விஷத்தைப் பாம்பிலிருந்து எடுத்துத் தருபவர்களில் முக்கியமானவர்கள், மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் இருளர்கள்.

பூச்சிமருந்து கேஸ் இன்னொரு பாடம். கண்ணின் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும், வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை. உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் என்று வீட்டில் எதையாவது கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்க வைத்திருப்பார்கள். அந்த வாந்தி மூச்சுக்குழலில் ஏறியிருக்கும். கையுறை போட்டுக்கொண்டு, மருந்து நனைந்த துணியைக் கழற்றி, உடம்பைக் கழுவி, 'பாட்டில் எங்கே?' என்று கேட்க வேண்டும். அரளி விதை என்றால் ஆள் தெளிவாகப் பேசிக்கொண்டே இருப்பார். நாடி மட்டும் நாற்பதுக்கு இறங்கியிருக்கும். பேசுகிறாரே என்று நம்பிவிடக் கூடாத நோயாளி இவர்.

வண்டியிலேயே பிரசவம் என்ற செய்தியைப் பேப்பரில் அடிக்கடி பார்க்கிறோம். குழந்தையோடு ஒரு போட்டோ, இரண்டு பேருக்குப் பாராட்டு. உள்ளே நடப்பது வேறு. தலை தெரிந்துவிட்டால் ஈஎம்டி வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிடுவார். குழந்தை வந்ததும் முதல் வேலை தொப்புள்கொடியை வெட்டுவது இல்லை, உலர்ந்த துணியால் நன்றாகத் துடைப்பது. ஈரக் குழந்தை நிமிஷத்தில் சில்லிட்டுவிடும். அழுதால் நேராகத் தாயின் நெஞ்சில். நிறம், நாடி, முக அசைவு, தசை இறுக்கம், மூச்சு ஐந்துக்கும் மார்க் போட வேண்டும், முதல் நிமிஷத்தில் ஒரு தடவை, ஐந்தாவது நிமிஷத்தில் ஒரு தடவை. வர்ஜீனியா அப்கர் என்ற அமெரிக்க மயக்கவியல் டாக்டர் 1953-ல் வெளியிட்ட கணக்கு இது. இதற்குள் எல்லோரும் குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஈஎம்டியின் கை தாயின் அடிவயிற்றில் இருக்கும். கர்ப்பப்பை கல்லு மாதிரி இறுகினால் நிம்மதி. தொளதொளவென்று இருந்தால் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். அழுத்தித் தேய்த்துவிட்டு, ஆக்ஸிடோசினைப் போட்டு, வண்டியை எடுக்கச் சொல்ல வேண்டும்.

இந்தப் படிப்பு பெரிய பல்கலைக்கழகத்தில் பிறந்ததாக நினைத்திருந்தேன். அமெரிக்காவில் இது வளர்ந்த கதை வேறு. பிட்ஸ்பர்க் நகரத்தில் ஹில் டிஸ்டிரிக்ட் என்ற கறுப்பின மக்களின் பகுதியில், அறுபதுகளில் நோயாளியை ஏற்றிப் போனது போலீஸ் வேன்தான். 1967-ல் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பு வழியாக, வேலை இல்லாதிருந்த அந்தப் பகுதி இளைஞர்களுக்கு டாக்டர் பீட்டர் சாஃபர் ஏறத்தாழ 300 மணி நேரப் பயிற்சி கொடுத்தார். நெஞ்சழுத்தமும் வாய்வழி மூச்சும் இன்றைய வடிவத்துக்கு வரக் காரணமானவர்களில் ஒருவர் அவர். பின்னால் வந்த டாக்டர் நான்சி கரோலின் அங்கே கற்றதை வைத்துத்தான் பாராமெடிக் மாணவர்களுக்கான பாடப்புத்தகத்தை எழுதினார். 1975-ல் நகராட்சி சொந்தச் சேவையைத் தொடங்கி, ஃப்ரீடம் ஹவுஸை மூடிவிட்டது.

நாளுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் நம் 50 நாளும் அந்த 300 மணி நேரம்தான். ஆனால் அது 1967-ன் தொடக்கம். இன்று அங்கே ஒரு பாராமெடிக்குக்கு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் பயிற்சி. இங்கேயும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபத்து, அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்துக்கென்றே பி.எஸ்சி. படிப்பு இருக்கிறது. வேலையில் இருக்கும் ஈஎம்டிகளை, சம்பளத்தோடு, அந்த அளவுக்கு உயர்த்துகிற ஏற்பாடு வர வேண்டும் என்பது என் கட்சி.

அம்மா கதையை முடிக்கவில்லை. அன்று ராத்திரி பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்கு அம்மா உட்கார்ந்து பேசிக்கொண்டேதான் வந்தார். கேஷுவால்டியில் அந்தப் பையன் ஒப்படைத்த விதம் இன்னும் காதில் இருக்கிறது. 'சார், 68 வயசு, ஒன்பது இருபதுக்குப் பேச்சுக் குழறல், சுகர் 38, டெக்ஸ்ட்ரோஸ் போட்டபிறகு 142. கிளிமிபிரைடு சாப்பிடறாங்க, கிட்னியும் கொஞ்சம் வீக். திரும்ப இறங்கலாம் சார்.' அங்கே இருந்தவர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. 'சுகர் இப்ப நார்மல், சாப்பாடு குடுங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்றார். போனோம்.

கிளிமிபிரைடு வகை சர்க்கரை நோய் மாத்திரையால் தாழ்ந்த சுகர், குளுக்கோஸ் கொடுத்து ஏறினாலும் மறுபடி இறங்கும். மாத்திரை உடம்பில் இருக்கும் வரை இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அது வெளியேற இன்னும் நேரமாகும். ஒரு நாளாவது ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும். விடிகாலை நாலு மணிக்கு அம்மா மறுபடி வேர்த்துக் கிடந்தார். சுகர் 41. வேறு வண்டி, வேறு ஈஎம்டி. இந்தத் தடவை இரண்டு நாள் அட்மிஷன், மாத்திரையையும் மாற்றினார்கள்.

ஒப்படைக்கும்போது ஈஎம்டி சொல்வது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொன்று: தலைக்காயத்துக்கு நினைவு அளவு போடுவார்களே, 15-க்கு எத்தனை என்று. 1974-ல் கிளாஸ்கோவில் இரண்டு டாக்டர்கள் தந்த அளவுகோல். 'மயக்கமா இருக்கார்' என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. 'ஏத்தும்போது 13, இப்ப 9' என்றால் ஸ்கேன் அறையை உடனே காலி செய்யச் சொல்வார். நடுவில் நடந்ததைப் பார்த்த ஒரே ஆள் ஈஎம்டிதான். அவர் அடுத்த அழைப்புக்குக் கிளம்பிப் போனபின் அதைக் கேட்க வழியில்லை.

ஆகவே வாசகர்களுக்குச் சில வேண்டுகோள். 108-க்குப் போன் போட்டதும் ஒருவர் தெருமுனையில் டார்ச்சோடு நில்லுங்கள். சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு, வண்டி ஏறும்போது எடுத்துக்கொள்ளுங்கள். விஷம் என்றால் பாட்டிலையும் எடுங்கள். பாம்பைத் தேடி அடிக்கப் போகாதீர்கள். முடிந்தால் தூர நின்று ஒரு போட்டோ போதும். கேஷுவால்டியில் அந்தப் பையனோ பெண்ணோ டாக்டரிடம் ஒப்படைக்கும்போது பக்கத்திலேயே நின்று கேளுங்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை என்றால், 'சார், இவர் சொல்றதைக் கொஞ்சம் கேட்டுக்கங்க' என்று நீங்கள் சொல்லுங்கள். அன்றைக்கு நான் சொல்லவில்லை.