ஆன்லைன் கோடிங் கோர்ஸ்: பாடம் இலவசம், திருத்தம்தான் விலை

பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளையின் செல்போனைச் சற்று நேரம் பாருங்கள். ரீல்ஸுக்கு நடுவே விளம்பரங்கள் வரிசை கட்டும். ‘ஆறே மாதத்தில் ஃபுல் ஸ்டாக் டெவலப்பர்’, ‘மெக்கானிக்கல் படித்தவரும் ஐ.டி.க்கு மாறலாம்’, ‘வேலை கிடைத்த பிறகு பணம் கட்டினால் போதும்’. கட்டணம் சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டுகிறது. அதே பாடம் யூடியூபில் காசில்லாமல் கிடைக்கிறது. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் வகுப்புகளையும் வீட்டில் இருந்தபடி இலவசமாகப் பார்க்கலாம்.

அப்படியானால் எதற்குப் பணம்? கோர்ஸ் முடித்தால் வேலை கிடைக்குமா? மாணவர்களும் பெற்றோரும் தவிப்போடு கேட்கும் இந்தக் கேள்விகளுக்கு நேரான பதில் உண்டு. புரோகிராமிங் பாடத்துக்கு இன்று விலை இல்லை. நாம் எழுதிய நிரலை வாங்கிப் பார்த்து, தப்பைக் காட்டி, திரும்ப எழுத வைக்கும் ஏற்பாடு இருக்கிறதே, அதற்குத்தான் மதிப்பு. ஒரு கோர்ஸில் அது இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்துகொண்டால் பணமும் போகாது, காலமும் போகாது.

இலவசப் பாடம் வந்த கதை

அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடக் குறிப்புகளை எல்லோருக்கும் இணையத்தில் திறந்துவிடுவதாக 2001இல் அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில், 2003இல், ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து மத்திய அரசின் நிதியில் என்பிடெல் திட்டத்தைத் தொடங்கின. வகுப்பறை விரிவுரைகள் காணொளிகளாயின.

2011இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செபாஸ்டியன் த்ரனும் கூகுளின் பீட்டர் நோர்விக்கும் செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு இணைய வகுப்பு நடத்தினார்கள். ஏறக்குறைய 1,60,000 பேர் சேர்ந்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டே ஆண்ட்ரூ இங், டாப்னி கோலர் இருவரும் கோர்செராவைத் தொடங்கினார்கள், ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் கைகோத்து எட்எக்ஸைத் தொடங்கின. எந்த ஊர்ப் பிள்ளையும் இனி உலகின் சிறந்த ஆசிரியரிடம் படிக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

அந்த நம்பிக்கையில் பாதிதான் பலித்தது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸில் நடத்திய வகுப்புகளின் 2012 முதல் 2018 வரையிலான தரவுகளை ஜஸ்டின் ரைக், ஹோசே ருய்பெரெஸ்-வலியென்டே என்ற இரு ஆய்வாளர்கள் அலசி, 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். பெயர் பதிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்துக்குள் நுழையவே இல்லை. 2017–18இல் கோர்ஸை முடித்தவர்கள் நூற்றுக்கு 3 பேர். ஆனால் பணம் கட்டி, அடையாளத்தை உறுதிசெய்து சான்றிதழுக்காகப் படித்தவர்களில் 46 சதவீதம் பேர் முடித்தார்கள்.

பணம் கட்டுகிறவர் ஏற்கெனவே உறுதியோடு வருகிறவர் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. ஆகவே பணம் கட்டினாலே முடித்துவிடுவோம் என்று இதற்குப் பொருள் இல்லை. காணொளி மட்டும் யாரையும் கடைசி வரை கூட்டிச் செல்லாது என்பதைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன. கெடு, தேர்வு, கேட்பதற்கு ஓர் ஆள் என ஏதாவது ஒரு கட்டாயம் பெரும்பாலோருக்குத் தேவைப்படுகிறது.

திருத்தம் என்ன செய்கிறது?

ஐ.டி. நேர்காணல்களில் அடிக்கடி வரும் ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்களின் பட்டியல் ஒன்று தரப்படும். அதில் எந்த இரண்டைக் கூட்டினால் 10 வரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் தோன்றும் வழி, முதல் எண்ணை மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்ப்பது, பிறகு இரண்டாவது எண்ணை எடுப்பது. அதாவது லூப்புக்குள் ஒரு லூப். 10 எண்கள் என்றால் 45 ஜோடிகள். என்டரைத் தட்டியதும் விடை வந்துவிடும். ஒரு லட்சம் எண்கள் என்றால் ஜோடிகள் கிட்டத்தட்ட 500 கோடி. பைத்தானில் எழுதிய நிரல் பல நிமிடம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆன்லைன் தேர்வுத் தளமோ சில நொடிகளிலேயே நேரம் முடிந்தது என்று நிறுத்திவிடும்.

தெரிந்தவர்கள், போட்டுவைத்த எண்ணை உடனே தேடித் தரும் பைத்தானின் டிக்‌ஷனரியைப் பயன்படுத்துவார்கள். பட்டியலை ஒரே ஒரு முறை கடந்தால் போதும். 3 வந்தால், இதற்கு முன் 7 வந்திருக்கிறதா என்று டிக்‌ஷனரியிடம் கேட்கலாம். லட்சம் எண்களுக்கு லட்சம் கேள்விகள், அவ்வளவுதான். இதிலும் ஒரு குழி இருக்கிறது. ஒவ்வோர் எண்ணையும் முதலில் டிக்‌ஷனரிக்குள் போட்டுவிட்டு அப்புறம் தேடினால், பட்டியலில் 5 ஒரே ஒரு முறை இருந்தாலும் 5ஐயும் 5ஐயும் கூட்டினால் 10 என்று நிரல் தப்பான விடை சொல்லும். ஒவ்வோர் எண்ணுக்கும் முதலில் தேடிவிட்டுப் பிறகு சேர்க்க வேண்டும். இரண்டு வரிகள் இடம் மாறினால் போதும், தப்பு சரியாகிவிடும்.

இதைக் காணொளியில் பார்க்கிறவருக்கு ஐந்து நிமிடத்தில் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். தானே எழுதிப் பார்க்கும்போதுதான் அந்த ஒற்றை 5 காலை வாரும். என்பிடெல்லின் புரோகிராமிங் பாடங்களில் வாராவாரம் தரும் பயிற்சிகளைச் சோதிக்க இரண்டு வகை உள்ளீடுகள் இருக்கும். சில மாணவரின் கண்ணுக்குத் தெரியும். மற்றவை மறைந்திருக்கும். தெரிகிற உள்ளீடுகள் எல்லாவற்றுக்கும் சரியான விடை வந்த பிறகும், மறைந்திருப்பதில் ஏதோ ஒன்று சறுக்கும். காலிப் பட்டியலா, மைனஸ் எண்ணா, ஒரே எண் இருமுறை வந்ததா? யாரும் சொல்ல மாட்டார்கள். உட்கார்ந்து யோசித்துத்தான் பிடிக்க வேண்டும். அப்படித் தலையை உடைத்துக்கொள்ளும் ஒரு மணி நேரத்தில் பதிகிற பாடம் பத்து மணி நேரக் காணொளியில் பதியாது.

இயந்திரம் சரி, தப்பு என்று மட்டும் சொல்லும். 200 வரிகளை ஒரே ஃபங்ஷனுக்குள் அடைத்திருப்பதையும், பாஸ்வேர்டை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்திருப்பதையும், ஆறு மாதம் கழித்துப் படிக்கிறவருக்குத் தலைகால் புரியாதபடி பெயர் வைத்திருப்பதையும் அனுபவமுள்ள மனிதர்தான் சுட்டிக்காட்ட வேண்டும். நிறுவனங்களில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துத் திருத்திய பிறகே நிரல் உள்ளே போகும். வேலைக்குப் போகும் முன்பே அந்தப் பழக்கத்தைத் தருகிற கோர்ஸுக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது.

நமக்குக் கிடைப்பவை

என்பிடெல்லில் சேர்வதற்குக் கட்டணம் கிடையாது. சான்றிதழ் வேண்டுமென்றால் ₹1,000 கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய்க் கண்காணிப்பாளர் முன்னால் எழுத வேண்டும். வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75 என்பது வழக்கமான கணக்கு. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான், அல்காரிதம் பாடங்கள் இதில் பலரும் விரும்பிப் படிப்பவை. என்பிடெல் பாடங்களும் இடம்பெறும் மத்திய அரசின் ஸ்வயம் தளம் வழியாகப் படிக்கும் பாடங்களைப் பட்டப்படிப்பின் கிரெடிட்டாகவும் மாற்றிக்கொள்ளலாம். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை இப்படிப் படிக்க யு.ஜி.சி.யின் 2021 விதிமுறைகள் இடம் தருகின்றன.

சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை. நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். பாடம் வீட்டில், தேர்வு மையத்தில். இடையில் நிறுத்தினாலும் முடித்த நிலைக்கேற்பச் சான்றிதழோ டிப்ளமோவோ கையில் இருக்கும்.

ஹார்வர்டின் டேவிட் மாலன் நடத்தும் சி.எஸ்.50 என்ற இணையப் பாடம், சி மொழியில் ஆரம்பித்து பைத்தான், எஸ்.க்யூ.எல். என்று போகும். பயிற்சிகளைத் தானியங்கி மென்பொருள் திருத்தும். இலவசம்தான், ஆனால் எளிதல்ல. 2014இல் தொடங்கிய ஃபிரீகோட்கேம்ப் வெப் டெவலப்மென்ட் கற்க நல்ல இடம். ஆங்கிலம் தடையாக இருப்பவர்களுக்கு மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் கைகொடுக்கும். தமிழ்க் குரலோடு வரும் அதன் சிறு காணொளிகளைப் பார்த்தபடியே பக்கத்தில் செய்து பழகலாம். தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இத்தகைய பயிற்சிகளைக் கல்லூரிகளுக்குள்ளேயே கொண்டுவந்திருக்கிறது.

மனிதர்களிடம் திருத்தம் பெறவும் இலவச வழி உண்டு. சென்னைபை, காஞ்சி லினக்ஸ் பயனர் குழு போன்ற குழுக்களில் வேலையில் இருக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் புதியவர்களுக்கு வழிகாட்டுகிறார்கள். ஓப்பன் சோர்ஸ் திட்டம் ஒன்றில் சிறு பிழையைச் சரிசெய்து அனுப்பினால், அதைப் பராமரிப்பவரே படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்வார்.

நிறுவனம் எதைப் பார்க்கிறது?

முதல் சல்லடையில் சான்றிதழுக்கு வேலை இல்லை என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஃபிரெஷர்களை மொத்தமாக எடுக்கும் பெரிய சேவை நிறுவனங்கள் பல, பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை 60 சதவீதம் இருக்கிறதா, அரியர் நிற்கிறதா என்றுதான் முதலில் பார்க்கின்றன. எத்தனை கோர்ஸ் முடித்தாலும் அந்த இடத்தில் அவை உதவுவதில்லை. ஆகவே கோர்ஸுக்காகக் கல்லூரிப் பாடத்தில் கோட்டைவிடுவது பெரிய தவறு.

அதைத் தாண்டினால் ஆன்லைன் கோடிங் சுற்று, பிறகு டெக்னிக்கல் நேர்காணல். இங்கே கோர்ஸில் பெற்ற பயிற்சி நேரடியாகப் பேசும். ரெஸ்யூமேயில் பத்துச் சான்றிதழ்களை அடுக்கியவரிடம், ‘நீங்களே கட்டிய ஒன்றைக் காட்டுங்கள். இந்த இடத்தில் ஏன் இப்படி எழுதினீர்கள்?’ என்று கேட்கும் ஒரே கேள்வியில் எல்லாம் தெரிந்துவிடும். காணொளியைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்த ஷாப்பிங் தளத்தை வைத்திருப்பவர் திணறுவார். தன் ஊர் நூலகத்துக்கோ அப்பாவின் கடைக்கோ சிறிய மென்பொருள் ஒன்றை எழுதி, அதில் வந்த தொல்லைகளைத் தீர்த்தவர் பேசிக்கொண்டே போவார்.

பட்டத்தைப் பார்க்காமல் எடுக்கும் இடங்களும் இருக்கின்றன. ஜோஹோ நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்கிறது. அங்கே தேறியவர்கள் அந்த நிறுவனத்திலேயே மென்பொருள் எழுதுகிறார்கள். அந்தப் பயிற்சியின் பலம், மாணவர் எழுதுவதைக் கூடவே இருந்து பார்க்கும் ஆசிரியர்.

‘வேலைக்கு உத்தரவாதம்’ என்றால் உஷார்

லாம்டா ஸ்கூல் என்று தொடங்கிப் பின்னர் புளூம்டெக் என்று பெயர் மாறிய அமெரிக்க கோடிங் பள்ளியின் கதையை நம் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. வேலை கிடைத்த பிறகு சம்பளத்தில் 17 சதவீதத்தைக் கொடுங்கள், இது கடன் அல்ல என்றது அந்தப் பள்ளி. மாணவர்களில் 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை என்று விளம்பரம் செய்தது. உண்மையில் அது 50 சதவீதத்தை ஒட்டியே இருந்தது, சில பிரிவுகளில் 30 வரை இறங்கியது என்று அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு கண்டறிந்தது. அந்த ஒப்பந்தம் கடன்தான் என்று சொல்லி, நுகர்வோருக்குக் கடன் கொடுக்கவே அந்தப் பள்ளிக்கு 2024 ஏப்ரலில் நிரந்தரத் தடை விதித்தது.

இங்கே அதே வலை ‘வட்டியில்லா இ.எம்.ஐ.’ என்ற பெயரில் விரிகிறது. போனில் ஓ.டி.பி. சொன்ன மாத்திரத்தில், நிதி நிறுவனம் ஒன்றிடம் மாணவர் பெயரிலோ தந்தை பெயரிலோ கடன் ஏறிவிடுகிறது. பயிற்சி பாதியில் நின்றாலும் மாதத் தவணை நிற்பதில்லை. கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் விழும். நாளை வீட்டுக் கடன் கேட்கப்போனால் வங்கி கைவிரிக்கும். பொய்யான வேலை உத்தரவாதம், சம்பள உயர்வு வாக்குறுதி ஆகியவற்றோடு பயிற்சி மையங்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. ஏமாற்றப்பட்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம்.

ஏ.ஐ. எழுதித் தருமே, இனி எதற்குப் படிப்பு?

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. மேலே சொன்ன எண் கணக்கை அது நொடியில் எழுதித் தரும். ஆனால் எழுதித் தந்ததில் அந்த ஒற்றை 5இன் குழி இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு வேலையில் இருப்பவருடையது. பிழையான நிரல் வங்கியிலோ மருத்துவமனையிலோ ஓடினால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. அதனால் பார்த்துக் காப்பி அடிக்கக் கற்றுத்தரும் கோர்ஸ்களின் மதிப்பு இன்னும் இறங்குகிறது. தப்பைத் தேடிப் பிடிக்கப் பழக்கும் கோர்ஸ்களின் மதிப்பு ஏறுகிறது. பயிற்சிக் கணக்குகளை ஏ.ஐ.யிடம் கொடுத்து முடித்துவிட்டு வாங்கும் சான்றிதழ், நேர்காணலில் முதல் கேள்விக்குக்கூடத் தாங்காது.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

• இதே பாடம் என்பிடெல்லிலோ வேறு இடத்திலோ இலவசமாக இருக்கிறதா? இருந்தால் இங்கே கூடுதலாக என்ன தருகிறீர்கள்?

• நான் எழுதும் நிரலை யார் படிப்பார்? எத்தனை நாளில் திருத்தித் தருவார்? அவர் மென்பொருள் வேலை பார்த்தவரா?

• தேர்வு கண்காணிப்போடு நடக்கிறதா, வீட்டிலிருந்து யாரும் எழுதிவிடலாமா?

• போன ஆண்டு சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? முடித்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் இரண்டு பேரிடம் நான் பேச முடியுமா?

• இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? இ.எம்.ஐ. என்றால் கடன் கொடுப்பது யார்?

இவற்றுக்கு எழுத்தில் பதில் தர மறுக்கும் இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்.

தேர்ந்தெடுக்கத் தெரியாதவர்கள் ஒரே ஒரு இலவசப் பாடத்தை எடுத்து, அதன் கடைசிப் பயிற்சி வரை முடித்து, தேர்வையும் நேரில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு கட்டணக் கோர்ஸைப் பற்றி யோசிக்கலாம். கல்லூரிகளுக்கும் இதில் பெரிய பொறுப்பு இருக்கிறது. நல்ல விரிவுரைகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கும்போது, அவற்றையே கரும்பலகையில் திரும்ப எழுதிப்போடுவதில் ஆசிரியரின் நேரம் கரைய வேண்டாம். லேப் நேரத்தில் ஒவ்வொரு மாணவரின் நிரலையும் உட்கார்ந்து படித்து, ‘இதை ஏன் இப்படி எழுதினாய்?’ என்று அவர் கேட்கட்டும். சிற்றூர்க் கல்லூரியில் படிக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்தக் கேள்வி லேப்பிலேயே கிடைத்துவிட்டால், அதற்காக அவர் குடும்பம் லட்ச ரூபாய் கடன் வாங்க வேண்டியிருக்காது.