அட்டைக்கு ஒரு ரூபாய், மீதி விலை உடம்புக்கு

அந்தமான் தலைநகரின் துறைமுகப் பகுதியான ஹேடோவில் குடியிருக்கும் ஒரு பெண்ணின் பேரில் கணக்கு ஒன்றைத் திறப்போம். 23 வயதில் அவளுக்குத் திருமணம், 49 வயதில் மாதவிலக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 26 ஆண்டுகள். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஒரு பெண் சராசரியாகப் பெறுவது 1.3 பிள்ளை என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு. நாட்டின் சராசரி 2.0, தமிழ்நாட்டில் 1.8. கருவைச் சுமப்பதற்கும் பாலூட்டுவதற்கும் 2 ஆண்டுகளைக் கழித்துவிட்டால் மிச்சம் 24 ஆண்டுகள். இந்த 24 ஆண்டுகளும் அவள் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும்.

அதற்கு எவ்வளவு செலவாகும்? அரசு மருத்துவமனையில் மாலா-என் மாத்திரை இலவசம். சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்கா வீடு தேடி வந்து கொடுத்தால் அட்டைக்கு 1 ரூபாய் என்று 2011இல் தொடங்கிய திட்டம் விலை வைத்தது. ஆண்டுக்கு 13 அட்டை, 24 ஆண்டுக்கு 312 அட்டை. ஆக 312 ரூபாய். ஒரு பெண்ணின் வாழ்நாள் கருத்தடைக்கு இவ்வளவுதான் செலவு என்று பணக் கணக்கு சொல்கிறது. மாத்திரை சாப்பிட்டவளைக் கேட்டால் வேறு கணக்கு சொல்வாள். காலையில் குமட்டல், வாரத்தில் இரண்டு நாள் தலைவலி, காரணமில்லாத எரிச்சல், எதிர்பாராத நாளில் சேலையில் கறை. இவற்றுக்கு எந்தப் பதிவேட்டிலும் வரி கிடையாது. அந்த வரிகளையும் சேர்த்து எழுதிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

24 ஆண்டுக்கு எத்தனை?

மாலா-என்: ஓர் அட்டையில் 28 மாத்திரை, 21 ஹார்மோன், 7 இரும்புச்சத்து. 312 அட்டைக்கு 8,736 மாத்திரை. அதில் ஹார்மோன் மட்டும் 6,552.

அந்தரா ஊசி: 3 மாதத்துக்கு ஒன்று, 150 மில்லிகிராம். 24 ஆண்டுக்கு 96 ஊசி. மொத்த மருந்து 14.4 கிராம்.

சாயா மாத்திரை: முதல் 3 மாதம் வாரத்துக்கு 2, பிறகு வாரத்துக்கு 1. முதல் ஆண்டில் 64, அடுத்த ஆண்டு முதல் 52. 24 ஆண்டுக்கு 1,260 மாத்திரை.

காப்பர்-டி 380ஏ: ஒன்று 10 ஆண்டு தாங்கும். 24 ஆண்டுக்கு 3.

ஆணுறை: வாரத்துக்கு 2 என்றால் ஆண்டுக்கு 104. 24 ஆண்டுக்கு 2,496.

ஆணுக்கான கருத்தடை ஆபரேஷன்: 1.

முதல் வரியையும் கடைசி வரியையும் சேர்த்துப் படியுங்கள். பெண் 8,736 முறை நினைவு வைத்து விழுங்க வேண்டியதை ஆண் ஒரே முறை சில நிமிடங்களில் முடித்துவிடலாம். இந்த ஏற்றத்தாழ்வுக்குப் பிறகு வருகிறேன்.

உடம்பின் வரவு, உடம்பின் பற்று

மாத்திரையை வெறுமனே திட்டுவது நியாயமல்ல. வரவுப் பக்கத்தில் பெரிய தொகைகள் உண்டு. ஒரு நாள்கூடத் தவறாமல் சாப்பிட்டால் ஓராண்டில் 1,000 பெண்களில் 3 பேருக்குத்தான் கருத்தரிக்கும். மாதவிலக்கு ரத்தப்போக்கும் வலியும் குறையும். 2008இல் வெளிவந்த, 45 ஆய்வுகளைத் திரட்டிய பெரிய கணக்கு, மாத்திரை சாப்பிடும் ஒவ்வொரு 5 ஆண்டுக்கும் சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 20% குறைகிறது என்று காட்டியது.

இனி பற்று. மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமும் இல்லாத பெண்களில் ஆண்டுக்கு 10,000 பேரில் 2 பேருக்கு ரத்தக்குழாயில் ரத்தம் உறையும். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரை சாப்பிடுவோரில் அது 5 முதல் 7. ட்ராஸ்பைரினோன் போன்ற புதிய வகைகளில் 9 முதல் 12. மாலா-என் முதல் வகை என்பது ஆறுதல். கர்ப்ப காலத்தில் இந்த ஆபத்து மாத்திரையைவிட அதிகம் என்பதையும் மறைக்கக் கூடாது. 2017இல் டென்மார்க்கில் 18 லட்சம் பெண்களைத் தொடர்ந்த ஆய்வு, ஹார்மோன் கருத்தடையால் ஆண்டுக்கு 7,690 பேரில் ஒருவருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வரலாம் என்று கணக்கிட்டது.

மனசுக்கும் ஒரு வரி வேண்டும். அதே டென்மார்க்கில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து 2016இல் வெளிவந்த ஆய்வில், கூட்டு ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டவர்கள் மனச்சோர்வு மருந்தை முதன்முதலாகத் தொடங்கும் வீதம் 23% கூடுதலாக இருந்தது. மாத்திரைதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் "எல்லாம் உன் மனப்பிரமை" என்று ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பவும் இனி முடியாது.

இந்த முறையீடு புதிதும் அல்ல. 1956இல் போர்ட்டோ ரிக்கோ தீவில் முதல் மாத்திரையைச் சோதித்தபோது 17% பெண்கள் குமட்டல், தலைசுற்றல், தலைவலி என்று சொன்னார்கள். இத்தனை பக்க விளைவுகள் உள்ள மருந்து ஏற்கத்தக்கதல்ல என்று அங்கே பொறுப்பில் இருந்த மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே எழுதினார். அதைப் பொருட்படுத்தாமல் 1960இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். அன்றைய மாத்திரையில் சுமார் 10 மில்லிகிராம் புரோஜெஸ்டின் ஹார்மோன் இருந்தது. இன்றைய மாலா-என்னில் 0.15 மில்லிகிராம். இரண்டும் வேறு வேறு சேர்மங்கள், ஒன்றுக்கு ஒன்று நேராகாது. ஆனாலும் அளவைக் குறைக்க வழி இருந்தது. பெண்கள் வாய் திறந்த பிறகே குறைத்தார்கள். 1970இல் அமெரிக்க செனட் விசாரணையில் பெண்கள் எழுந்து நின்று குரல் கொடுத்த பின்தான் அட்டைப்பெட்டிக்குள் எச்சரிக்கைத் தாள் வந்தது.

ஊசியின் பற்று வேறு மாதிரி. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நாளைக்கே நிறுத்தலாம். உடம்பில் ஏறிய ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. 3 மாதம் பொறுத்துத்தான் ஆக வேண்டும். ஓராண்டுக்குப் பிறகு ஏறத்தாழ பாதிப் பேருக்கு மாதவிலக்கே வருவதில்லை. சிலருக்கு அது நிம்மதி. சிலருக்கு ஒவ்வொரு மாதமும் 'கர்ப்பமோ' என்ற பயம். கடைசி ஊசிக்குப் பின் கருத்தரிக்கச் சராசரியாக 10 மாதம் ஆகும். எலும்பின் அடர்த்தி குறையலாம் என்று 2004இல் அமெரிக்க மருந்துத் துறை கடும் எச்சரிக்கை சேர்த்தது. இந்தியாவில் ஊசிக் கருத்தடைக்கு எதிராக 1986லேயே பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. ஹைதராபாத்தின் ஸ்திரீ சக்தி சங்கடனாவும் அவற்றில் ஒன்று. சோதனைக்கு வந்த பெண்களுக்கு அது என்ன ஊசி என்று முழுதாகச் சொல்லப்படவில்லை என்பதே அவர்களின் குற்றச்சாட்டு.

கடல் நடுவே 72 மணி நேரம்

ஹேடோவுக்கென்று ஒரு தனி வரி உண்டு. சென்னையிலிருந்து இங்குள்ள துறைமுகத்துக்குக் கடல்வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கப்பல் வர ஏறத்தாழ 3 நாள். அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். அதுவும் 3 நாள்தான். தீவுக் கடையில் அன்று இருப்பு இல்லையென்றால் மெயின்லேண்டிலிருந்து கிளம்பும் அடுத்த கப்பல் அவளுக்கு உதவாது.

அந்த ஒரு மாத்திரையில் 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் இருக்கிறது. மாலா-என்னின் 10 நாள் அளவு. எப்போதாவது ஒரு முறைக்கு அது வரம். மாதந்தோறும் அதையே நம்பினால் மாதவிலக்கு தாறுமாறாகும், பாதுகாப்பும் குறைவு.

ஹேடோக்காரி ஒரு வகையில் கொடுத்துவைத்தவள். பெரிய அரசு மருத்துவமனையான ஜி.பி. பந்த் அதே நகரில் இருக்கிறது. தென்கோடித் தீவின் கேம்பல் பே பெண்ணுக்கு அது 500 கிலோமீட்டருக்கும் அப்பால். தினம் ஒன்று என்ற மாத்திரையில் தொடர்ந்து 2 நாள் விட்டுப்போனால் அடுத்த 7 நாளுக்கு ஆணுறையோ விலகியிருப்பதோ தேவை. இருப்பு அறுந்துபோகும் இடத்தில் தினசரி மாத்திரை பலவீனமான ஏற்பாடு. கையில் எப்போதும் இரண்டு அட்டை உபரியாக வைத்திருப்பது தீவுப் பெண்ணுக்கு அத்தியாவசியம்.

மாற்று வழிகளின் கணக்கு

முதலில் நம் நாட்டுச் சரக்கு. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் நித்யா ஆனந்த் தலைமையில் உருவான சென்ட்குரோமான், 1991இல் 'சஹேலி' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. 2016இல் அரசுத் திட்டத்தில் சேர்ந்து 'சாயா' ஆனது. இது ஸ்டீராய்டு ஹார்மோன் அல்ல. குமட்டலும் தலைவலியும் பொதுவாகக் கொண்டுவருவதில்லை. பாலூட்டும் தாயும் சாப்பிடலாம். சரியாகச் சாப்பிட்டால் ஓராண்டில் 100 பேரில் 1 முதல் 2 பேருக்குக் கருத்தரிக்கலாம். பற்றும் உண்டு: சுமார் 8% பேருக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும். சினைப்பை நீர்க்கட்டி, கல்லீரல் நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. ஆனாலும் 8,736க்கு எதிரே 1,260. மாலா-என் ஒத்துக்கொள்ளாதவள் அடுத்துக் கேட்க வேண்டிய பெயர் இதுதான்.

காப்பர்-டியில் ஹார்மோன் ஒரு துளியும் இல்லை. ஓராண்டில் 1,000 பேரில் 8 பேருக்கே தவறும். அதன் விலை ரத்தம். மாதவிலக்கில் சராசரியாக 35 மில்லிலிட்டர் போகிறது என்றால் 13 சுழற்சிக்கு 455. காப்பர்-டி போட்ட சிலருக்குப் பாதிப் பங்கு வரை கூடும். ஆண்டுக்குச் சுமார் 230 மில்லிலிட்டர் அதிகம். ரத்த தானப் பை 350 மில்லிலிட்டர் என்றால் அதில் மூன்றில் இரண்டு பங்கு. இந்தியப் பெண்களில் 57% பேருக்கு ரத்தசோகை இருக்கும் நாட்டில் இது சின்ன வரி அல்ல. ஹீமோகுளோபின் பார்க்காமல் காப்பர்-டி போடுவதும், போட்ட பின் இரும்புச்சத்து மாத்திரை தராமல் விடுவதும் தவறு.

நாள் கணக்கு முறை, சுழற்சி 26 முதல் 32 நாளுக்குள் ஒழுங்காக வருபவர்களுக்கு மட்டும். 8ஆம் நாள் முதல் 19ஆம் நாள் வரை, 12 நாள் விலகியிருக்க வேண்டும். நடைமுறையில் 100 பேரில் 12 பேருக்குத் தவறுகிறது. ஆணுறை 13, மாத்திரையே நடைமுறை மறதிகளோடு 7, வெளியே விடும் முறை 20.

இந்த எண்களை நாட்டின் நடப்போடு வைத்துப் பாருங்கள். 2019–21 ஆய்வின்படி திருமணமான பெண்களில் மாத்திரை 5.1%, காப்பர்-டி 2.1%, ஊசி 0.6%. மூன்றும் சேர்ந்து 7.8%. நாள் கணக்கும் வெளியே விடுவதுமாகிய பழைய வழிகள் மட்டும் 10.2%. கடையிலும் மருத்துவமனையிலும் கிடைக்கும் இந்த மூன்றையும்விட, 5 பேரில் ஒருவருக்கு வரை தவறக்கூடிய வழிகளை இத்தனை குடும்பங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கிடைப்பது இவர்களுக்குப் போதவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

காலியாகக் கிடக்கும் பக்கம்

இனி முதல் பட்டியலின் அந்தக் கடைசி வரி, ஆணுக்கான ஆபரேஷன். அதே ஆய்வின்படி இந்தியாவில் பெண்களின் கருத்தடை ஆபரேஷன் 37.9%. ஆண்களுடையது 0.3%. ஓர் ஆணுக்கு 126 பெண்கள். தமிழ்நாட்டில் பெண்கள் பங்கு 57.8%.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1971 ஜூலையில் எர்ணாகுளம் முகாமில் மட்டும் 63,418 ஆண்கள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976–77இல் சுமார் 62 லட்சம் ஆண்கள், பலர் கட்டாயத்தின் பேரில். அந்தக் காயத்தோடு ஆண்கள் விலகினார்கள். முழுச் சுமையும் பெண்கள் பக்கம் சாய்ந்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் நடந்தது. 13 பேர் இறந்தார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை 3 ஆண்டுக்குள் நிறுத்தச் சொன்னது.

ஆணுக்கான ஹார்மோன் ஊசியும் சோதிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் 320 ஆண்கள். 100 பேருக்கு 1.57 என்ற அளவிலேயே கருத்தரிப்பு. மனநிலை மாற்றம் உள்ளிட்ட பக்க விளைவுகளைக் காரணம் காட்டி 2011இல் கண்காணிப்புக் குழு ஒன்று நிறுத்தியது. பங்கேற்ற ஆண்களில் 75%க்கும் மேல் தொடரத் தயார் என்று சொல்லியும் நிறுத்தியது. ஆணின் மனநிலை பாதித்தால் சோதனை நிற்கிறது. பெண்ணின் மனநிலை பாதித்தால் "போகப் போகச் சரியாயிடும்". இந்த இரட்டைத் தராசை நான் ஏற்கவில்லை.

நம்பிக்கையும் உண்டு. ஐஐடி கரக்பூரின் சுஜய் குஹா உருவாக்கிய ஆண்களுக்கான ஒற்றை ஊசி, 303 ஆண்களிடம் சோதிக்கப்பட்டு 99.02% கருத்தரிப்பைத் தடுத்ததாக 2023இல் முடிவு வந்தது. அது கடைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கத்தியில்லா ஆண் ஆபரேஷன் இன்றே இருக்கிறது. அதன் பிறகு 3 மாதம் ஆணுறை, பின் ஒரு விந்துப் பரிசோதனை, அவ்வளவுதான்.

சொல்லப்பட்டவர்கள் 62.4%

அதே 2019–21 ஆய்வில், கருத்தடை முறையைப் பயன்படுத்தும் பெண்களில், அதன் பக்க விளைவை எப்போதாவது யாராவது சொன்னார்கள் என்றவர்கள் 62.4%. 8 பேரில் 3 பேருக்கு யாரும் சொல்லவில்லை. 2015–16இல் 46.5% என்றிருந்தது ஏறியிருக்கிறது, உண்மைதான். ஹேடோ துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் சீட்டு உண்டு. ஒரு பெண்ணின் உடம்பில் இறங்கும் மருந்துக்கு அவள் மொழியில் ஒரு விளக்கமாவது வேண்டாமா? தீவுகளில் 2011 கணக்குப்படி 100க்கு 15 பேரின் தாய்மொழி தமிழ். இந்தியில் சொன்னது போதும் என்று விடாமல், தமிழிலும் வங்காளத்திலும் தெலுங்கிலும் நிக்கோபாரியிலும் சொல்ல வேண்டும்.

பெரியார் 1930களிலேயே கர்ப்பத்தடையைப் பற்றி எழுதினார். மற்றவர்கள் நாட்டின் வறுமை, தாயின் உடல்நலம் என்று காரணம் சொன்னபோது, பெண்ணின் விடுதலைக்காக அது வேண்டும் என்றார். அந்த அளவுகோலில் பார்த்தால் 1.3 பிள்ளை என்ற சராசரி மட்டும் வெற்றி ஆகாது.

தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஒத்துக்கொள்ளாத மாத்திரையைச் சகித்துக்கொள்வது கடமை அல்ல. ஆனால் அடுத்த வழியைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்துங்கள். தலைவலியோடு கண் மங்கினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். எந்த நாளில் என்ன ஆயிற்று என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். எழுதி வைத்ததை யாரும் மனப்பிரமை என்று தள்ளிவிட முடியாது. தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. அந்த நோட்டை நீங்களும் படியுங்கள். மீதமுள்ள ஆண்டுகளின் கணக்கை உங்கள் பேரிலும் எழுதுங்கள்.