மனிதரைக் கண்டால் கரை ஏறாது!

நியூசிலாந்து நாட்டின் தென்பகுதியில் டனீடின் என்ற நகரம் இருக்கிறது. அங்குள்ள ஒட்டாகோ பல்கலைக்கழகம் 1869-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பல நாட்டு மாணவ-மாணவிகள் அங்கு வந்து, சில மாதம் படித்துவிட்டுத் தங்கள் கல்லூரிக்கே திரும்புவார்கள். இவர்களுக்குப் "பரிமாற்ற மாணவர்கள்" என்று பெயர்.

சனிக்கிழமை வந்தால் இவர்களுக்கு அறையில் இருப்புக்கொள்ளாது. ரொட்டியைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் உள்ள ஒட்டாகோ தீபகற்பத்துக்குக் கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள்.

மணல் மலை

அங்கே "சேண்ட்பிளை" என்று ஒரு கடற்கரை. ஆங்கிலத்தில் அது ஒரு வகை ஈயின் பெயர். ஆனால், கடற்கரைக்குப் பெயர் வந்தது ஈயால் அல்ல. காற்றில் மணல் பறப்பதால்! உயர்ந்த மணல் மேட்டில் இறங்குவது சுகம். ஏறும்போதுதான் மூச்சு வாங்கும்.

கீழே மரக்கட்டை போலக் கடற்சிங்கம் படுத்திருக்கும். 20 மீட்டர் தள்ளித்தான் நிற்கவேண்டும்.

பசியோடு குஞ்சு

மாணவர்கள் தேடி வருவது மஞ்சள் கண் பெங்குவினை. அது காலையில் கடலுக்குப் போகும். மீனை விழுங்கி, வயிற்றில் சுமந்துகொண்டு மாலையில் கரைக்கு வரும். புதருக்குள் குஞ்சு காத்திருக்கும். தாய், தந்தை இரண்டுமே இரை ஊட்டும்.

கரையில் ஆள் நின்றால் போச்சு! பெங்குவின் பயந்து கடலுக்கே திரும்பிவிடும். ஒருவர் படம் பிடிக்க ஆசைப்பட்டால், குஞ்சு பட்டினி!

2008-ம் ஆண்டுக்குப் பிறகு இந்தப் பகுதியில் இவை வெகுவாகக் குறைந்துவிட்டன. அதனால், விவரம் தெரிந்த மாணவர்கள் தூரத்தில் மறைவாக உட்கார்ந்து, குளிரில் நடுங்கியபடி பார்க்கிறார்கள். சில நாள் ஒன்றுகூட வராது. இருட்டுமுன் மணல் மேட்டை ஏறியாகவேண்டும்.