வட்டாரத்தின் வளமும் மளிகைக் கடையின் தரமும்

ஒரே நகரில், ஒரே மொத்த வாணிப மையத்தை நம்பியிருக்கும் இரு மளிகைக் கடைகள் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்டிருப்பதைத் தலைநகர் தில்லியில் எளிதிற் காணலாம். தென் தில்லியின் வசதி மிக்க குடியிருப்பில் உள்ள கடையில் பலவகைப் பருப்புகளும், முத்திரையிட்ட எண்ணெயும், குளிர்பதனப் பெட்டியில் வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் இருக்கும். யமுனைக்குக் கிழக்கே, குடிசைவாசிகளை மறுகுடியமர்த்துவதற்காக 1970களின் நடுவில் உருவான திரிலோக்புரி போன்ற இடங்களின் சந்துக் கடைகளில் ஓரிரு வகைப் பருப்பும், நொய் கலந்த அரிசியும், சிறு பொட்டலங்களும்தாம் மிகுதி. இதனைக் கடைக்காரரின் நேர்மைக் குறைவு என்று கருதிவிடுவது வழக்கம். அது பாதி உண்மைகூட அன்று.

சரக்கின் தரத்தை முடிவு செய்வது பெரும்பாலும் விற்பனையின் வேகமே. விலையுயர்ந்த பொருள் நாள்தோறும் விற்றுத் தீரும் என்ற உறுதி இருந்தால்தான் வணிகர் அதை வாங்கி அடுக்குவார். அன்றாடக் கூலியில் வாழும் வட்டாரத்தில் அத்தகைய பொருள் தேங்கும், முதல் முடங்கும், பூச்சி பிடிக்கும். ஆதலால் அவர் வகைகளைக் குறைத்து, விரைவில் விற்பவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறார். அவருடைய முதலும் சிறிது. மூட்டைக் கணக்கில் வாங்க இயலாமல் இடைநிலை வணிகரிடம் சில்லறையாக வாங்குவதால், கொள்முதல் விலையே அவருக்குக் கூடுதலாகிறது. வாடிக்கையாளருக்குத் தரும் கடனில் ஒரு பகுதி திரும்பாது என்பதையும் அவர் விலையில் சேர்த்தே ஆகவேண்டும். அந்தக் கடன் இல்லையேல் மழைநாளில் பல வீடுகளில் அடுப்பு எரியாது என்பதையும் நாம் மறத்தலாகாது.

வாங்குவோர் தரப்பிலும் இதே நெருக்கடிதான். எடுத்துக்காட்டாக, கிலோ 160 ரூபாய் விற்கும் துவரம்பருப்பை ஒருவர் 50 கிராம் பொட்டலமாகப் 10 ரூபாய்க்கு வாங்குவதாகக் கொள்வோம். அவர் கிலோவுக்கு 200 ரூபாய், அதாவது 25 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்கிறார். மாதச் சம்பளக்காரர் ஒரே தடவையில் வாங்கிப் பெறும் மலிவு இவருக்கு எட்டாது. வருமானம் குறையக் குறையச் செலவில் உணவின் பங்கு கூடும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857இல் எடுத்துரைத்தார். 2022-23ஆம் ஆண்டின் நுகர்வுச் செலவின ஆய்வின்படி நகர்ப்புறச் சராசரியில் உணவின் பங்கு ஏறத்தாழ 39 விழுக்காடு. ஏழைக் குடும்பங்களில் இது இன்னும் மிகுதி. எனவே விலை வேறுபாட்டின் சுமை அதனைத் தாங்கவியலாதவர் மீதே விழுகிறது.

தரக்குறைவு உயிரையும் பறிக்கக் கூடும். 1998இல் தில்லியில் பிரமதண்டு எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் உணவு எண்ணெயைப் பொட்டலமிட்டே விற்க வேண்டுமென்று அவ்வாண்டே ஆணை பிறந்தது. ஆணை சரியானதே. ஆயினும் செக்கிலிருந்தோ தகரத்திலிருந்தோ அன்றைய தேவைக்கு மட்டும் அளந்து வாங்கியவருக்கு, முத்திரையிட்ட புட்டி கூடுதல் செலவாக வந்தது என்பதும் உண்மையே.

ஏழை வட்டாரத்தில் தரமான சரக்கு விற்காது என்ற வாதத்துக்குத் தில்லியிலேயே மறுப்பு உண்டு. தேசியப் பால்வள வாரியம் 1974இல் நிறுவிய மதர் டெய்ரி, குளிர்பதனத் தொட்டியும் தானியங்கி இயந்திரமும் கொண்ட சாவடிகளை நகரெங்கும் அமைத்தது. வட்டாரம் எதுவாயினும் பாலும் ஒன்று, விலையும் ஒன்று. குளிர்பதன வசதிக்கான முதலை ஒரு பொது அமைப்பு ஏற்றதே இதற்குக் காரணம். தனிக் கடைக்காரரிடம் அதனை எதிர்பார்க்கவியலாது. மும்பையில் 1948இல் ஆலைத் தொழிலாளர் பகுதியான நாய்காவில் தோன்றிய அப்னா பஜார் கூட்டுறவு அமைப்பும் மொத்தக் கொள்முதலின் பயனைச் சிறு வருமானக்காரர்களிடம் கொண்டு சேர்த்தது. கூட்டுறவு அங்காடிகள் எல்லாம் இவ்வாறு நிலைக்கவில்லை. 1966இல் தலைநகரில் தொடங்கப்பெற்ற சூப்பர் பஜார் நாளடைவில் நலிந்து மூடப்பட்டது.

நியாய விலைக் கடைகள் இடைவெளியின் ஒரு பகுதியையே நிரப்புகின்றன. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பங்களில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம் உறுதி செய்கிறது. 2023 ஜனவரி முதல் அது விலையின்றி வழங்கப்படுகிறது. பருப்பும் எண்ணெயும் அச்சட்டத்தின் உரிமையில் அடங்கா. தமிழ்நாடு, இமாசலப் பிரதேசம் போன்ற சில மாநிலங்கள் தாமாகவே அவற்றையும் குறைந்த விலையில் தருகின்றன. மற்ற இடங்களில் புரதத்துக்கும் கொழுப்புக்கும் ஏழைக் குடும்பம் அதே சந்துக் கடையைத்தான் நாடவேண்டியுள்ளது.

2019இல் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தின் பயன் புலம்பெயர் தொழிலாளருக்கு மட்டுமே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். தரமற்ற தானியம் கொடுக்கும் கடையை விட்டு வேறொரு கடைக்குச் செல்லும் வாய்ப்பும் அதில் அடங்கியுள்ளது. ஆனால் அந்த வேறொரு கடை நடந்து செல்லும் தொலைவில் இருக்க வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து பேருந்தேறிச் சென்று 5 கிலோ கோதுமை வாங்க எவரும் முன்வரமாட்டார்.